நயந்து பேசிக் காரியம் சாதிப்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

"அத்தை நயமாகப் பேசி அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள்."

ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தபோது இந்த ஒரு வரி என்னை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. வரியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. கோபித்துக்கொண்டு போன பையனை அத்தை போய்ச் சமாதானப்படுத்திக் கூட்டி வருகிறாள், அவ்வளவுதான். முதல் வரைவில் 'வீடில்' என்ற வினையைப் போட்டேன். அகராதியில் இனிக்கப் பேசி இணங்க வைப்பது என்றுதான் இருந்தது. வரைவைப் படித்த தோழி அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "அத்தை அதற்குள் கெட்டவளாகிவிட்டாளா?"

கேள்வி நியாயமானது. அத்தை எதற்காக அவனைத் தேடிப் போனாள் என்பது கதையில் பத்துப் பக்கம் கழித்துத்தான் தெரியும். வீட்டை விற்கப் பையனின் கையெழுத்து அவளுக்கு வேண்டியிருந்தது. மூல ஆசிரியர் அதை அவ்வளவு தூரம் மறைத்து வைத்திருக்க, நான் ஒரு வினைச்சொல்லில் போட்டு உடைத்துவிட்டேன்.

அந்த மூன்று நாளில் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற யாருக்கும் இந்தத் தடுமாற்றம் வரும் என்பதால் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை, வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ் வாக்கியம் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. 'நயமாகப் பேசி' என்ற வினையெச்சம் எப்படிச் செய்தாள் என்பதைச் சொல்லும். 'அழைத்து வந்தாள்' என்ற வினைமுற்று என்ன நடந்தது என்பதைச் சொல்லும். எச்சத்தை நாம் இஷ்டப்படி கூட்டலாம், குறைக்கலாம். 'கொஞ்சி', 'கெஞ்சி', 'தாஜா பண்ணி', 'நைச்சியமாகப் பேசி', 'பசப்பி', 'ஆசை காட்டி' என்று எதைப் போட்டாலும் வினைமுற்று அசையாமல் அப்படியே நிற்கும். ஒன்றும் போடாமல் வெறுமனே 'பேசி' என்றும் விட்டுவிடலாம். குரலை வாசகர் சூழ்நிலையிலிருந்து எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. எப்படி என்பது முக்கிய வினைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன நடந்தது என்பது 'இன்டு' என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் வால்போல வரும். ஆகவே வினையைத் தேர்ந்தெடுத்த உடனேயே, பேசியவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. 'பெர்சுவேட்' என்ற பொதுச் சொல் தீர்ப்பிலிருந்து தப்பிக்க உதவும். ஆனால் அதில் நயமும் இல்லை, இனிப்பும் இல்லை. காரணம் சொல்லி இணங்க வைத்தாள் என்ற அளவில் நின்றுவிடும். அலுவலகக் கடிதத்துக்கு அது போதும், நல்லதும்கூட. கதைக்குப் போதாது.

கோக்ஸ், கஜோல், வீடில்

பெரும்பாலான நேரம் முடிவு இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். அகராதியில் மூன்றும் ஒன்றையொன்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் பயன்பாட்டில் மூன்றும் மூன்று மனிதர்கள்.

முதலில் 'கோக்ஸ்'. கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்ட பூனைக்குட்டியை வெளியே வரவைப்பதை நினைத்துப் பாருங்கள். தரையில் வயிறு படப் படுத்து, கையை நீட்டி, விரலை மெல்ல அசைத்து, தாழ்ந்த குரலில் எதையோ முனகிக்கொண்டே இருப்போம். குட்டி ஒரு அடி வரும், நிற்கும். கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே காத்திருப்போம். இன்னொரு அடி வரும். இந்த முழுக்காட்சியும் அந்த ஒரு வினைக்குள் அடங்கும். அவசரம் இருக்கக் கூடாது, பலவந்தம் கூடவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். புகழ்ச்சி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பேச்சே இல்லாமலும் போகலாம்.

அதனால்தான் உயிரில்லாத பொருளோடும் இந்தச் சொல் சேர்கிறது. அணையப்போகிற நெருப்பை ஊதி ஊதிப் பற்றவைப்பதற்கும், குளிரில் விறைத்துப்போன பழைய எஞ்சினைத் தட்டிக் கொடுத்து ஓடவைப்பதற்கும் ஆங்கிலத்தில் 'கோக்ஸ்' என்பார்கள். பேசாத குழந்தையின் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைப்பதும் இதே வினைதான். மற்ற இரண்டு சொற்களையும் எஞ்சினிடம் சொல்லிப் பாருங்கள், பொருந்தாது. இந்த ஒரு சோதனை போதும் பிரித்தறிய.

இவ்வளவு மென்மையான சொல்லின் பிறப்பு அப்படி இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'கோக்ஸ்' என்றால் ஏமாளி. ஒருவரை 'கோக்ஸ்' ஆக்குவது என்றால் முட்டாளாக்குவது. அங்கிருந்து செல்லம் கொஞ்சுவதற்கு வந்து, பிறகு இதமாக வழிக்குக் கொண்டுவருவதில் நிலைத்தது. இன்றைக்கு அந்தப் பழைய கசப்பு சொட்டுக்கூட இல்லை. குழந்தையை மருந்து குடிக்க வைத்த தாய், கூச்சப்படும் மாணவரைப் பேசவைத்த ஆசிரியர், எழுந்து நடக்கப் பயப்படும் நோயாளியை நான்கு அடி நடக்கவைத்த செவிலியர் என்று இவர்கள் எல்லோருக்கும் உரிய சொல் இதுதான். பேசப்படுபவருக்கு நன்மை, அல்லது யாருக்கும் கெடுதல் இல்லை.

(தொலைக்காட்சிக் கம்பிக்கு 'கோ-ஆக்ஸ்' என்று இரண்டு அசையாகச் சொல்கிறோமே, அது வேறு சொல். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் வாய்விட்டுப் படிக்கும்போது தடுக்கும்.)

அடுத்து 'கஜோல்'. 'ஜோல்' என்ற பகுதியில் அழுத்தம் விழும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. கூண்டுப் பறவை ஓயாமல் கீச்சிடுவதோடு இதற்குச் சம்பந்தம் உண்டு என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அகராதிக்காரர்கள் முழுதாக ஒப்புக்கொள்ளாத விளக்கம்தான். ஆனாலும் சொல்லின் இன்றைய குணத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. இதற்குப் பேச்சு கட்டாயம் வேண்டும், அதுவும் நிறைய. எதிரில் இருப்பவர் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பேசுபவர் விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்சம் புகழ்ந்து, கொஞ்சம் வாக்குறுதி கொடுத்து, கொஞ்சம் சிரிக்கவைத்து, கடைசியில் 'சரி, தொலையட்டும்' என்று சொல்லவைக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தாளர்கள் இந்தச் சொல்லைத் தனியே விடுவதைவிட ஜோடி சேர்ப்பது அதிகம். மிரட்டியும் 'கஜோல்' செய்தும், கெஞ்சியும் 'கஜோல்' செய்தும் என்று வரும். நம் சாம, தான, பேத, தண்டத்தில் சாமம் எங்கே நிற்கிறதோ அங்கே இது நிற்கிறது. தண்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் பக்கத்து ஆயுதத்தை எடுக்கவும் ஆள் தயார் என்ற நிழல் இதில் விழுகிறது. நல்ல காரியத்துக்கும் வரும், சுயநலத்துக்கும் வரும். இரண்டில் எது என்று சொல் தானாகச் சொல்லாது. இந்த நடுநிலைதான் இதன் பெரிய பலம்.

'வீடில்' இந்த இரண்டையும்போல இல்லை. இது கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் செய்வது. அப்பாவிடம் பணம் கேட்கும் பிள்ளை, மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்டு நிற்பவர், பணக்காரச் சொந்தத்தின் வீட்டில் அடிக்கடி தலைகாட்டும் தூரத்து உறவு. குரலில் ஒரு சிணுங்கல் இருக்கும். ஒரே வேண்டுகோளைப் பத்துத் தடவை வேறு வேறு விதமாகப் போர்த்திக் கொண்டுவருவார்கள். 'குழைந்து குழைந்து கேட்டான்' என்று நாம் சொல்வது இதற்கு மிக நெருக்கம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டிய சொல். வாலாட்டுதல் என்ற பொருள் கொண்ட ஜெர்மன் சொல் ஒன்றோடு சிலர் இதை முடிச்சுப் போடுகிறார்கள்.

'வீடில்' எனும்போது பெரும்பாலும் ஒரு பொருளோ பணமோ கைமாறும். அல்லது ஒரு ரகசியம், ஓர் அழைப்புச் சீட்டு, ஓர் அனுமதி. 'அவுட் ஆஃப்' இதன் உற்ற துணை. ஒருவரிடமிருந்து ஒன்றைக் கறந்து எடுப்பது. 'இன்டு' சேர்த்தும் எழுதலாம், பிழையில்லை. எதைச் சேர்த்தாலும் கேட்டவருக்கு லாபம், கொடுத்தவருக்குக் கொஞ்சம் நஷ்டம் என்ற கணக்கை வாசகர் போட்டுவிடுவார். என் அத்தை அந்த வரியிலேயே மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

ஆகவே இந்த மூன்றுக்கும் இடையே முடிவெடுக்க, புகழ்ச்சியின் அளவை எடைபோடுவது வீண். நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன். எதில் இனிப்பு அதிகம், எதில் குறைவு என்று அளந்துகொண்டிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி, லாபம் யாருக்கு என்பது. பேசப்படுபவருக்கு என்றால் 'கோக்ஸ்'. பேசுபவருக்கு மட்டும் என்றால் 'வீடில்'. இருவருக்கும், அல்லது அது முக்கியமில்லை, அல்லது இப்போதைக்குச் சொல்லக் கூடாது என்றால் 'கஜோல்'. யார் யாரைவிட உயரத்தில் நிற்கிறார்கள் என்பதை இரண்டாவதாகப் பார்க்கலாம். 'கோக்ஸ்' பெரும்பாலும் மேலிருந்து கீழே குனியும், 'வீடில்' கீழிருந்து மேலே நிமிரும், 'கஜோல்' எந்தத் திசையிலும் போகும்.

நரிக்கு எந்தச் சொல்?

இன்னொரு சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 'இன்வெய்கிள்'. 'இன்வீகிள்' என்றும் சொல்வார்கள், இரண்டும் சரிதான். இதன் வேர் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பிரெஞ்சில் 'குருடாக்குதல்' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் 'கண்கள் இல்லாமல்' என்ற லத்தீன் தொடர் இருக்கிறது. நாம் 'கண்ணில் மண்ணைத் தூவி' என்கிறோமே, அதே படம்தான் அங்கேயும். மாட்டியவருக்கு, தான் எதில் கால் வைக்கிறோம் என்பது தெரியாது. மற்ற மூன்றிலும் அவருக்குத் தெரியும். மருந்து கசக்கும் என்று குழந்தைக்குத் தெரியும், பணம் திரும்பி வராது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தே இணங்குகிறார்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதற்குச் சட்டத்திலேயே சான்று உண்டு. அமெரிக்காவில் 1932இல் இயற்றப்பட்டு லிண்ட்பர்க் சட்டம் என்று அழைக்கப்படும் ஆள்கடத்தல் சட்டத்தில், பிடித்துச் செல்வது, அடைத்து வைப்பது ஆகியவற்றோடு சேர்த்து 'இன்வெய்கிள்' செய்வதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுக்காவிட்டாலும், இனிக்கப் பேசி ஏமாற்றிக் கூட்டிப் போனாலும் கடத்தல் கடத்தல்தான் என்பது அதன் பொருள். நயப்பேச்சைக் குறிக்கும் மற்ற எந்தச் சொல்லையும் அந்த வரிசையில் வைத்துப் படிக்க முடியாது.

சோதித்துப் பார்க்கக் காகமும் நரியும் கதையை எடுத்துக்கொள்ளலாம். ஈசாப்பின் பெயரில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்தக் கதை நமக்குப் பால பாடம். காகத்தின் வாயில் உணவு. கீழே நரி. உன் குரல் எவ்வளவு அழகு, ஒரு பாட்டுப் பாடேன் என்கிறது. காகம் வாயைத் திறக்கிறது, உணவு விழுகிறது.

நரி செய்தது 'கோக்ஸ்' ஆகாது. காகத்துக்கு அதில் நன்மை எதுவும் இல்லை, பொறுமையான சிறு சிறு அடிகளும் இல்லை. ஒரே வீச்சு. 'கஜோல்' என்றால் காகம் முதலில் மறுத்திருக்க வேண்டும். கதையில் அது மறுக்கவே இல்லை, சந்தோஷமாகப் பாடுகிறது. 'வீடில்' பொருந்துவதுபோலத் தோன்றும். கீழிருந்து மேலே கேட்பது, பொருளும் கைமாறுகிறது. ஆனால் நரி உணவைக் கேட்கவே இல்லையே. காகம் கொடுக்கவும் இல்லை, தவறவிட்டது. கேட்டு வாங்குவதுதான் 'வீடில்'. மிஞ்சுவது 'இன்வெய்கிள்'. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் புகழ்ச்சி காகத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இல்லையென்றால் வெறும் 'ஃபிளாட்டர்' போட்டு 'இன்டு' சேர்த்தாலும் போதும். புகழ்ந்து பாடவைத்தது என்று நேராக வந்துவிடும். குழந்தைகள் புத்தகமானால் நான் இதைத்தான் எடுப்பேன். 'இன்வெய்கிள்' கொஞ்சம் பழுத்த சொல். பத்து வயதுக்காரர்களுக்கு அது வேண்டாம்.

புகழ்வது வேறு, புகழ்ந்து வாங்குவது வேறு

'ஃபிளாட்டர்' என்பதைத்தான் நம்மில் பலரும் முதலில் நினைப்போம். முகஸ்துதி என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் இரண்டு இடறல் உண்டு. ஒன்று, அது தனியாக நிற்கும்போது எதையும் சாதிப்பதில்லை. மிகையாகப் புகழ்ந்தான் என்பதோடு முடிந்துவிடும். காரியம் நடந்ததைச் சொல்ல 'இன்டு' சேர்த்தாக வேண்டும். இன்னொன்று, அது எப்போதும் கெட்ட சொல் இல்லை. ஒரு உடை ஒருவருக்கு எடுப்பாக இருந்தால் 'ஃபிளாட்டரிங்' என்பார்கள். பெருமைக்குரிய அழைப்பு வந்தால், நன்றியோடு கொஞ்சம் கூச்சமும் கலந்து 'ஐ ஆம் ஃபிளாட்டர்ட்' என்பார்கள். அங்கே முகஸ்துதி என்று மொழிபெயர்த்தால் அபத்தம். பழைய பிரெஞ்சில் தட்டையான உள்ளங்கையால் தடவிக் கொடுப்பதுதான் இந்தச் சொல்லின் மூலம். 'தடவிக் கொடுத்து வேலை வாங்குகிறார்' என்று நாமும் சொல்வதால், மூலப்படத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பிடிபடும். தடவிக் கொடுப்பது சில சமயம் வெறும் அன்பு, சில சமயம் ஏற்பாடு.

பேச்சு வழக்குச் சொற்கள் மூன்று இருக்கின்றன. இங்கேதான் தமிழும் ஆங்கிலமும் மிக அருகில் வருகின்றன.

'பட்டர் அப்' என்பது வெண்ணெய் பூசுவது. கேட்பதற்கு முன் செய்யும் ஏற்பாடு அது. பூசுவது இப்போது, கேட்பது பிறகு. அதனால் அதன் பின்னால் 'இன்டு' வருவது அரிது. ஒருவர் திடீரென்று நம்மைப் புகழ ஆரம்பித்தால், "என்ன, இன்னைக்கு ஐஸ் பலமா இருக்கு? என்ன வேணும்?" என்று கேட்போமே, அந்த ஐஸ்தான் 'பட்டர்'. ஐஸ் வைத்தலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் கிடைக்காது. ஐஸ் என்பது ஆங்கிலச் சொல்தானே என்று அதையே அப்படியே திருப்பி எழுதினால் ஆங்கில வாசகருக்கு ஒன்றும் புரியாது. நான் ஒரு வரைவில் பார்த்திருக்கிறேன். அழகான உரையாடல் ஒன்று அந்த ஒரு சொல்லில் நின்றுபோனது.

'சாஃப்ட்-சோப்' நேரே நம் சோப்பு போடுதல்தான். சாம்பல் காரத்தில் செய்த குழைவான, வழுக்கும் சோப்பைத்தான் அந்தப் பெயர் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அது வழுக்கும் பேச்சுக்கும் பெயரானது. ஆனால் இரண்டும் முழுக்க ஒன்று என்று நம்பிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு கூடுதல் நிறம் உண்டு. கசப்பான உண்மையைச் சொல்லாமல் வழுக்கிப் போவதற்கும் இதைச் சொல்வார்கள். கெட்ட செய்தியை எதிர்பார்த்திருப்பவர் மருத்துவரிடம் 'எனக்கு சாஃப்ட்-சோப் வேண்டாம்' என்றால், பூசி மெழுகாமல் சொல்லுங்கள் என்று பொருள்.

'ஸ்வீட்-டாக்' இந்த மூன்றில் இளையது, 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சொல். சமமானவர்களுக்கிடையே வரும், கொஞ்சம் காதல் வாசனையும் உண்டு. உரையாடலில் இயல்பாக ஒட்டும். கதைசொல்லியின் குரலில் வந்தால் அந்தக் குரலும் இளமையாகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'பிளாண்டிஷ்மென்ட்' என்பதை வினையாக இன்று யாரும் எழுதுவதில்லை. பன்மைப் பெயராக, 'இன்மொழிகளுக்கு அவள் மசியவில்லை' என்ற மாதிரி இடங்களில் மட்டும் வரும். 'பிளார்னி' அயர்லாந்துக்காரச் சொல். கார்க் மாவட்டத்தில் 1446இல் கட்டிய பிளார்னி கோட்டையில் ஒரு கல் இருக்கிறது. மல்லாந்து, தலையைக் கீழே தொங்கவிட்டு அதை முத்தமிட்டால் நாவன்மை வரும் என்று நம்பி இன்றும் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். கோட்டைக்குரிய மக்கார்த்தி தலைவர், கோட்டையை ஒப்படைக்கச் சொன்ன முதலாம் எலிசபெத்துக்கு இனிக்க இனிக்கக் கடிதம் எழுதி நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாராம். அலுத்துப்போன ராணி, 'எல்லாம் பிளார்னி' என்றாராம். வரலாறோ கதையோ, சொல்லின் பொருள் அதில் அப்படியே இருக்கிறது: காதுக்கு இனிமை, கையில் ஒன்றும் இல்லை. ஆளை இணங்க வைப்பதைவிட ஆளைச் சமாளிப்பதற்கு இது பொருந்தும்.

போட்டியில் சேர்க்கக் கூடாதவை

ஒருபொருட் பன்மொழி அகராதிகள் இன்னும் ஒரு கூட்டத்தையும் இதே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும். 'இன்கிரேஷியேட்', 'கரி ஃபேவர்', 'ஃபான்', 'டோடி', 'சைக்கஃபென்ட்'. இவற்றை ஒதுக்கி வையுங்கள் என்பேன். இவை குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு ஒருவரை இணங்க வைப்பதைச் சொல்வதில்லை. நல்ல பெயர் வாங்குவது, நிழலில் ஒண்டுவது, பின்னால் எப்போதாவது பயன்படும் என்று இப்போதே குனிவது என்பதைச் சொல்கின்றன. நம் ஜால்ரா, துதிபாடி, அடிவருடி எல்லாம் இந்தப் பக்கம். 'இன்டு' சேர்த்துப் பாருங்கள், இவற்றில் எதுவும் ஒட்டாது. அந்த ஒரு சோதனையிலேயே வேறு குடும்பம் என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் குடும்பத்தின் பூர்வ கதைகள் விட்டுவிட மனம் வராதவை. 'டோடி' முதலில் 'தேரை தின்பவன்'. ஊர் ஊராகப் போன போலி வைத்தியர்கள் கூடவே ஒரு கையாளை வைத்திருப்பார்கள். தேரை விஷம் என்று ஜனங்கள் நம்பிய காலம். கூட்டத்துக்கு நடுவே அவன் தேரையைத் தின்பான், அல்லது தின்பதுபோல நடிப்பான். வைத்தியர் தன் மருந்தைக் கொடுத்து அவனைப் பிழைக்க வைப்பார். எசமானுக்காக எதையும் விழுங்குகிறவன் என்று அப்படியே பெயர் நின்றுவிட்டது. 'சைக்கஃபென்ட்' கிரேக்கச் சொல். சொல்லளவில் 'அத்திப்பழத்தைக் காட்டுபவன்'. பண்டைய ஏதென்ஸில் பொய்வழக்குப் போட்டுப் பிழைப்பவனுக்கு அந்தப் பெயர். அத்திப்பழம் எப்படி உள்ளே வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் கோள்சொல்லி என்ற பொருளோடுதான் வந்தது, பிறகுதான் துதிபாடியானது.

'கரி ஃபேவர்' நமக்கு இன்னும் நெருக்கமானது. இதில் வரும் 'கரி', நம் கறியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன உணவுச் சொல் இல்லை. குதிரையைத் தேய்த்துவிடுவது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் எழுதப்பட்ட ஒரு நையாண்டிக் காவியத்தில் ஃபோவெல் என்றொரு குதிரை வருகிறது. வஞ்சகத்தின் உருவம் அது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதைத் தேய்த்துவிடப் போட்டி போடுகிறார்கள். ஃபோவெலைத் தேய்ப்பது ஆங்கிலத்தில் 'ஃபேவல்' ஆகி, குதிரையை மறந்த காலத்தில், தயவு என்ற பொருளுள்ள 'ஃபேவர்' ஆகத் திரிந்துவிட்டது. கால் கை பிடித்தல்தான் காக்கா பிடித்தல் ஆனது என்று நம் பக்கமும் ஒரு விளக்கம் சொல்வார்கள். இரண்டு மொழியிலும் காரியம் தேய்ப்பதும் பிடிப்பதும்தான். காது கேட்டபடி ஒரு மொழியில் குதிரை மறைந்துபோனது, இன்னொன்றில் காக்கை வந்து சேர்ந்தது. காக்கா பிடித்தலை மொழிபெயர்க்க வேண்டி வந்தால் இதையே எடுங்கள், மனசாட்சி உறுத்தாது.

யார் வாயிலிருந்து?

லாபம் யாருக்கு என்ற கேள்வியைவிட நுட்பமான ஒன்று மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. இந்தச் சொற்களைத் 'நான்' என்று தொடங்கிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நான் 'கோக்ஸ்' செய்தேன் என்று யாரும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், அதில் பெருமைகூட உண்டு. நான் 'கஜோல்' செய்தேன் என்றும் சொல்லலாம்; ஒரு சிறு புன்னகையோடு, கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பேசினேன் என்ற ஒப்புதலோடு. நான் 'வீடில்' செய்தேன் என்றால் அது வாக்குமூலம். நான் 'இன்வெய்கிள்' செய்தேன் என்று சொல்பவர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் ஆள். 'ஃபான்' செய்தேன், வாலைக் குழைத்தேன் என்று தன்னைப் பற்றித் தானே எவரும் சொல்வதில்லை. அது பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லும் சொல்.

அதாவது, ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் சொன்னால் மூன்று வினை வரும். தங்கையிடம் பணம் வாங்கி வந்த அண்ணன் வீட்டில் சொல்லும்போது 'கோக்ஸ்' என்பான். கூட இருந்த நண்பன் 'கஜோல்' என்பான். தங்கையின் கணவர் 'வீடில்' என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, இந்த வாக்கியம் இந்த மூவரில் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதைத்தான். தமிழில் 'பேசி வாங்கிட்டு வந்தான்' என்று மூவருமே சொல்லிவிடலாம். குரல் காட்டிக் கொடுக்கும், எழுத்து காட்டிக் கொடுக்காது. ஆங்கிலத்தில் எழுத்தே காட்டிக் கொடுத்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு மறுபடி என் வரிக்குப் போனேன். கதையைச் சொல்வது அந்தப் பையன். ஆனால் பெரியவனான பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு. அவன் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே அத்தையைக் குற்றம் சாட்டியிருக்கலாம். சாட்டவில்லை. 'நயமாகப் பேசி' என்ற இரண்டே சொல்லில், அன்றைக்கு அவனுக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே விட்டிருக்கிறான். 'வீடில்' போட்டால் பத்துப் பக்கம் முன்னாலேயே பழி விழுகிறது. 'இன்வெய்கிள்' அதைவிட மோசம், போலீஸ் வந்துவிடும். 'கோக்ஸ்' போட்டால் காதுக்கு இதமாக இருக்கும், பூனைக்குட்டிபோல அவன் மெல்ல வெளியே வருவதும் தெரியும். ஆனால் கையெழுத்து விஷயம் வெளிவரும் பக்கத்தில், கதைசொல்லி நம்மிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். அவன் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தான், அவ்வளவுதான்.

'கஜோல்' போட்டேன். பையன் முதலில் மறுத்தான் என்பது மூலத்தில் இல்லாத தகவல்தான். ஆனால் கோபித்துக்கொண்டு போனவன் ஒருமுறையாவது முடியாது என்று சொல்லியிருப்பான், அந்தக் கூடுதலை நான் ஏற்றுக்கொண்டேன். முதல் தடவை படிப்பவருக்கு அத்தை விடாமல் பேசிக் கூட்டி வந்த பாசக்காரி. இரண்டாம் தடவை படிப்பவருக்கு அதே சொல்லில் இன்னொருத்தி தெரிவாள்.

புதிய வரைவைத் தோழிக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாள்களில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கையெழுத்து வரும் பக்கத்தின் ஓரத்தில் மட்டும், பென்சிலில், அந்தப் பழைய வரியின் பக்க எண்ணை எழுதி வட்டமிட்டிருந்தார்.